குறிப்பு: தண்ணீர் வரவில்லை

...ஆனால் எல்லாவற்றையும் பொய் என்று சொல்லிவிட முடியுமா, கலைப்பிரியா பேனாவை மூடினாள், திறந்தாள், ஒரு நாள் உண்மையாகவே தண்ணீர் வரவில்லைதானே, ஏப்ரல் கடைசி செவ்வாய், கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, அன்றைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சார்ட்டில் தன் கட்டத்தில் டிக் போடாமல் 'தண்ணீர் வரவில்லை' என்று எழுதினாள், அது உண்மை, அதற்குப் பிறகு எழுதிய எட்டும்தான்... எட்டா, ஏழா, எட்டுதான், மே மாதம் நாலு வாரம், வாரத்துக்குச் செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாள். மடியில் இருந்த தாளில் பொருள் என்று எழுதிப் புள்ளி வைத்தாயிற்று. பூங்காவில் மோட்டார் இயக்கும் ஒப்பந்தப் பணியாளர் கண்ணையன் என்பவரை மாற்றக் கோருதல் சம்பந்தமாக. எழுத்து எப்போதும்போல அழகாக வந்திருந்தது, அதற்காகத்தான் கோதண்டபாணி சார் அவளிடம் கொடுத்தார், கலை எழுதட்டும், நகராட்சி அதிகாரி மதிக்கிற மாதிரி அவளுக்குத்தான் எழுத வரும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி, சிமெண்டு பெஞ்சு இன்னும் சுட ஆரம்பிக்கவில்லை, தூரத்தில் மற்றவர்கள் பார்த்தீனியம் பிடுங்கிக் குவிக்கிறார்கள், எதிரே அவளுடைய வரிசை. பன்னிரண்டு புங்கங்கன்றுகளில் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற மூன்றுதான் பச்சை, மற்ற ஒன்பதும் கம்பிக் கூண்டுக்குள் குச்சியாக நிற்கின்றன, கூண்டு எதற்கு இனிமேல், ஆடு வந்தால்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

சார்ட் போடலாம் என்று சொன்னதே அவள்தான். திண்டிவனத்தில் தங்கள் நகருக்குள் ஒரு பூங்கா இருந்தும் பாட்டிலும் முள்ளுமாகக் கிடக்கிறதே என்று பத்துப் பேர் சேர்ந்தபோது, ஆளுக்கு ஒரு வரிசை, ஆளுக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு மட்டும், மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மோட்டார் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். தேவா ஒரே ஒரு நாள் வராமல் போனதற்கு அவனுடைய காலிக் கட்டத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, பொறுப்பு எடுத்தால் முடிக்கணும் என்று எழுதியதும் அவள்தான், அவன் கும்பிடுகிற கை மூன்றைப் போட்டு சாரி மேடம் என்றான், அப்போது எவ்வளவு சுகமாக இருந்தது... அப்புறம் மே மாதம் வந்தது, விழுப்புரத்தில் அவள் படிக்கிற குரூப் ஃபோர் மாலை வகுப்பை ஏழு மணியிலிருந்து ஆறுக்கு மாற்றினார்கள், செவ்வாயும் வெள்ளியும், நாலரைக்குள் பஸ் ஏறாவிட்டால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே நிற்க வேண்டியதுதான். தன் நாளை மாற்றிக் கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். குரூப்பில் கேட்க வேண்டும், தேவா படிப்பான். காலையில் எழுந்து ஊற்றிவிடலாம் என்று நினைத்தாள், எழவில்லை. அந்த ஞாயிறு இரண்டு கட்டமும் வெள்ளையாக இருந்ததைப் பார்த்ததும் கை கூசியது, டிக் போட்டிருக்கலாம், ஆனால் ஊற்றாத தண்ணீரை ஊற்றியதாக எழுதுவது பொய், அப்படிப்பட்டவள் இல்லை அவள். தண்ணீர் வரவில்லை என்று எழுதினால் யாரையும் குறை சொன்ன மாதிரி ஆகாது, வெயில் அடித்தது, மழை பெய்யவில்லை, தண்ணீர் வரவில்லை. மோட்டாரைப் போட ஒரு ஆள் இருக்கிறார் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லையா? தோன்றியதா? தோன்றியிருந்தால் எழுதியிருப்பாளா... எழுதியிருப்பாள் என்றுதான் இப்போது படுகிறது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் கோதண்டபாணி சார் சார்ட்டைக் கதவிலிருந்து பிரித்து எடுத்து வந்தார், தபால் இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவர், எதையும் விரலால் தொட்டுத் தொட்டுத்தான் படிப்பார். மற்ற நாளெல்லாம் தண்ணீர் வந்திருக்கிறது, செவ்வாய், வெள்ளி மட்டும் வரவில்லை என்றால் அந்த இரண்டு நாளும் இந்த ஆள் எங்கே போகிறார் என்று கேட்டார். "கோயிலுக்குப் போறாரு போல சார், வெரதமா இருக்கும்" என்றான் தேவா, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள், சிரிக்காமல் சும்மாவாவது நின்றிருக்கலாம், வாய் தானாகப் போய்விட்டதா... சார், ஒரு நிமிஷம் என்று தொண்டை வரைக்கும் வந்தது, அதற்குள் அவர், "நம்ம கலை போட்ட சார்ட்டும்மா, அது பொய் சொல்லாது" என்று அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். போன வருஷம் பக்கத்து நகரில் ஒரு காவல்காரரைப் பதினைந்து கையெழுத்தில் எடுத்துவிட்டார்கள், ஒப்பந்த ஆளுக்கு விசாரணை கிடையாது, திங்கள்கிழமை மனு போனால் புதன்கிழமை வேறு ஆள்.

சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். கண்ணையன். காக்கிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, ஐம்பது வயது இருக்குமா, அதற்கு மேலேயே இருக்கும். தாளைக் கையால் மூடினாள், மூட வேண்டியதில்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது, சார்ட் ஒட்டிய அன்றைக்குக்கூடக் கட்டம் கட்டமாகக் கோலம் மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னார், அது தெரிந்தும் மூடினாள். என்ன எழுத்து என்று கேட்டார், மனு என்றாள், குரல் அவளுக்கே கேட்கவில்லை. புதுச் செடி கேட்டா, என்றார், சந்தோஷமாக, இந்தத் தடவை வேம்பாகக் கேட்கச் சொன்னார், புங்கனை விட அது வெயில் தாங்குமாம். பிறகு ஒருதரம் பார்த்தீனியம் பிடுங்குகிறவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார், பீடி வாசனை.

"பாப்பா, எங்க மேஸ்திரி கேட்டாரு, செடி எப்பிடிடா காஞ்சிச்சின்னு. கத்திரி வெயிலு சார், தாங்கலன்னுட்டேன். நீங்க வரலன்னு நான் ஒர்த்தர்கிட்டயும் மூச்சு வுடல. படிக்கிற பொண்ணு, நாலு பேரு முன்னால பேரு கெட்டுப்போவக் கூடாது பாரு."

அவள் தலையை ஆட்டினாள், ஆட்டியிருக்கலாம்.

"அஞ்சு மணிக்கு மோட்டாரு போட்டுக்கினு கேட்டையே பாத்துக்கினு நிப்பேன். கொழாயாண்ட இருக்கற மூணுக்கு மட்டும் ஒரு பக்கெட்டு ஊத்திட்டு அடுத்த டேங்குக்கு ஓடிடுவேன். எல்லாத்துக்கும் ஊத்தத்தான் ஆசை, நேரம் பேஜாரு."

போய்விட்டார், சாவி குலுங்குகிற சத்தத்தோடு. அப்படியானால் அந்த மூன்று தானாகப் பிழைக்கவில்லை, குழாய் ஒழுகியது என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள், வசதியாக. எட்டு நாளும் அவர் நின்றிருக்கிறார், எட்டு நாளும் அவள் டோல்கேட்டில் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வினா விடை படித்திருக்கிறாள். இப்போது எழுந்து போய்ச் சொன்னால் என்ன, சார், அது நான்தான் என்று, மூன்று சொல், தேவா சிரிப்பான், சிரிக்கட்டும், போட்டோ எடுத்துக்கூடப் போடட்டும்... "கலை, முடிஞ்சிதாம்மா, கையெழுத்து வாங்கிடலாமா" என்று அங்கிருந்து கோதண்டபாணி சார். இதோ சார், என்றது அவள் வாய். தாளைப் பார்த்தாள். முகம் எரிந்தது, காது எரிந்தது, இவ்வளவு வெட்கப்படுகிறவள் எப்படி முழுக்கக் கெட்டவளாக இருக்க முடியும் என்று ஒரு நினைப்பு ஆறுதல்போல் எட்டிப் பார்த்தது, ஆனால் இந்த வெட்கம் எப்போது வந்தது, அவர் போன பிறகு, சாவிச் சத்தம் நின்ற பிறகு. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை என்று அவர் சொன்ன அந்த நொடியில் நெஞ்சுக்குள் முதலில் இறங்கியது வேறு, குளிர்ச்சியாக, அப்பாடா என்று. அது எவ்வளவு நேரம் இருந்தது என்று எண்ணிப் பார்க்க முயன்றாள், கோதண்டபாணி சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக்கொண்டே பெஞ்சை நோக்கி வந்துகொண்டிருந்தார்.