இரண்டு விரல் இடம்

சின்ன மாமாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான், தான் செய்தது திருட்டு என்று மாப்பிள்ளைக்கு உறைத்தது. அதுவும் துக்க வீட்டில். அதுவும் தன் கடையிலேயே தான் செய்துகொடுத்த கண்ணாடியை. போன மாதம் அதைச் சின்ன மாமாவுக்கு மாட்டிவிட்டு, "இனிமே எறும்பு சிரிச்சாக்கூடத் தெரியும் மாமா" என்று பெருமையாகச் சொன்னவனும் அவன்தான். கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கலாம் என்று இப்போது நொந்துகொண்டான்.

கட்டிலில் மாமனார் படுத்திருந்தார். காலை ஐந்தரை மணிக்கு மூச்சு நின்றது. இப்போது மணி பத்தரை. வண்டி நான்கு மணிக்கு வரும். அதற்கு முன்னால் அவருக்கு உடை மாற்ற வேண்டும். எந்த உடை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "என்னை அனுப்பறப்ப அந்த நீலப் பேன்ட்டப் போட்டு அனுப்பு. அங்க இருக்கறவங்களும் பாக்கட்டும்."

நீரேற்று நிலையத்தில் அவருக்குப் பெயர் முப்பதார். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது இடுப்பு முப்பது அங்குலம். ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றபோதும் முப்பதுதான். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாரென்றால், நாற்காலி காலியாக இருக்கிறதென்று பூனை ஏறி மடியில் படுக்கும். பிறகு தன் தவறை உணர்ந்து வெட்கப்பட்டு இறங்கிப் போகும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் நிலையத்தில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பொய்யே சொல்லாதவர்கள்.

வேலைக்குச் சேர்ந்த நாள் வருடா வருடம் வரும். அன்று காலை, முதன்முதலாகக் கிடைத்த அந்த நீலச் சீருடைப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வருவார். பொத்தானைப் போட்டுவிட்டு, இடுப்புப் பட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்துக் காட்டுவார். "இன்னும் ரெண்டு விரல் இடம் இருக்கு." அவ்வளவுதான் விழா. அதற்கு முந்தைய ஒரு வாரம் அவர் சாப்பிட்டதை மொத்தமாகச் சேர்த்து வைத்தால் ஒரு குருவிக்குப் பற்றாது.

அவர் தம்பி சின்ன மாமாவுக்கும் அதே நாளில்தான் வேலை கிடைத்தது. அதே துணியில் தைத்த அதே பேன்ட். அது இரண்டாம் வருடமே அவரைக் கைவிட்டது. ஐந்தாம் வருடம் அதை வெட்டித் தலையணை உறை தைத்தார்கள். அப்போதிலிருந்து அவர் ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தார்: "ஏமாத்தறான். வருஷா வருஷம் புதுசு தைக்கறான்."

அது அபாண்டம். நாற்பத்து நான்கு வருடம் அது சுத்தமான அபாண்டமாகவே இருந்தது. அதன்பிறகு ஒருநாள் மாப்பிள்ளை அந்தப் பேன்ட்டை இஸ்திரி போட்டான்.

ஏழு வருடம் ஆகிறது. விழாவுக்கு முன் இன்னும் மூன்று நாள் இருந்தது. கடையிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரே நிமிடம் பேசினான். திரும்பி வந்து பார்த்தால், பேன்ட்டின் பின்பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி தன் முகத்தைப் பதித்திருந்தது. வீட்டில் யாரும் இல்லை. பக்கத்துப் பேட்டைத் தையல்காரரிடம் ஓடினான். அதே நீலம், அதே அளவு, அதே தையல். பழைய பொத்தான்களை வெட்டியெடுத்து இதில் வைத்தார்கள். சுருங்கித் தொலைத்தால் என்ன செய்வதென்று இடுப்பில் மட்டும் அரை அங்குலம் கூட்டச் சொன்னான். பிறகு பதினொரு முறை துவைத்து, சிமெண்ட் படியில் தேய் தேயென்று தேய்த்து, ஒரே இரவில் அதற்கு நாற்பத்து நான்கு வயதாக்கினான். கருகிய பேன்ட்டைப் பொட்டலமாகக் கட்டித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டான். அன்றைக்கென்று குப்பை லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நான்கு நாள். காலையும் மாலையும் அந்தப் பொட்டலம் அவனைப் பார்த்தது, அவனும் அதைப் பார்த்தான்.

விழா நாளில் மாமனார் புதிய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். விரலை நுழைத்தார். மூன்று விரல் போயிற்று. ஒரு கணம் குனிந்து பார்த்தார். "பாருங்க, வயசாக ஆக இளைக்கறேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரையும் விட அதிகமாகத் தட்டியவன் மாப்பிள்ளை.

அன்றிலிருந்து அந்தப் பேன்ட்டை அவன் தொட நேரவில்லை. "உனக்கு எதுக்கு மாப்ள சிரமம்" என்று மாமனார் தானே துவைத்தார், தானே இஸ்திரி போட்டார், தானே மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார். தப்பித்தோம் என்றுதான் மாப்பிள்ளை நினைத்திருந்தான், இன்று காலை பத்து மணிவரை.

பத்து மணிக்குச் சின்ன மாமா கட்டிலோரம் உட்கார்ந்து அழுதார். வயிறு குலுங்கக் குலுங்க அழுதார். அழுது முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். அப்புறம் சொன்னார்:

"மாப்ள, அந்தப் பேன்ட்டோட இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் நம்பர் இருக்கும். தெரியுமா?"

"என்ன நம்பர் மாமா?"

"யூனிபார்ம் குடுக்கறப்ப பம்ப் ஹவுஸ் ஸ்டோர்காரர் மையில எழுதிக் குடுப்பார். அண்ணனுக்கு நாப்பத்தேழு. எனக்கு நாப்பத்தெட்டு. ஒருதடவ காட்டுன்னா காட்டினதே இல்ல. கையத் தட்டிவிட்டுடுவான். இன்னைக்கு எப்பிடித் தட்டுவான்? பேன்ட்டு போடறப்ப நானே பாத்துடறேன்."

பழைய பேன்ட்டின் உள்பக்கத்தில் மங்கலாக ஏதோ இருந்தது மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. எண்ணெய்க் கறை என்று நினைத்து விட்டுவிட்டான்.

"இல்லைன்னா?" என்று கேட்டான்.

"இல்லைன்னா முன்னறையில போய்ச் சொல்லுவேன். பம்ப் ஹவுஸ் ஆளுங்க அத்தனை பேரும் வந்து உக்காந்திருக்காங்க. அம்பது வருஷமா என் வயித்தப் பாத்துச் சிரிச்சவங்க. ஒருதடவ நான் சிரிச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அந்த இடைவெளியில்தான் கண்ணாடி மாப்பிள்ளையின் பைக்குள் இறங்கியது.

கதவு திறந்தது. மனைவி. அலமாரிச் சாவியை அவன் கையில் வைத்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்களும் சித்தப்பாவும் போட்டுவிடுங்க. என்னால முடியாது."

"வேற ஏதாவது போட்டு அனுப்பலாமே. அது பழசு. கிழிஞ்சு கிடிஞ்சு போச்சுன்னா..."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா பதவி உயர்வு கேட்டார், கிடைக்கல. வீடு கட்டணும்னார், கட்டல. இந்த ஒண்ணுலதான் ஜெயிச்சார். அதையும் கழட்டி வெச்சுட்டா அனுப்பச் சொல்றீங்க?"

அவள் போனதும் கதவைத் தாழிட்டான்.

முன்னறையில் சின்ன மாமாவின் குரல் கேட்டது. "என் கண்ணாடிய யாராவது பாத்தீங்களா? இங்கதான் எங்கயோ வெச்சேன்." நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ, "தலைமேல இருக்கா பாருங்க" என்றார். இன்னொருவர், "என்னோடத வேணா போட்டுக்கங்க, ரெண்டு பேருக்கும் ஒரே பவர்தான்" என்றார். அந்தப் புண்ணியவானுக்கும் கண்ணாடி செய்துகொடுத்தது மாப்பிள்ளைதான்.

ஆக, நேரம் இல்லை. அவன் பையில் இன்னொன்றும் இருந்தது: லென்ஸின் நடுவில் புள்ளி வைக்கிற கறுப்புப் பேனா. நாற்பத்தேழு. இரண்டே இலக்கம். எச்சில் தொட்டுக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் பழையதாகிவிடும். ஒரே இரவில் நாற்பத்து நான்கு வயதை ஏற்றியவனுக்கு இது பெரிய காரியமா.

அலமாரியைத் திறந்து பேன்ட்டை எடுத்தான். கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றான். அப்படியும் மாமனார் பார்த்துக்கொண்டிருப்பது போலவே பட்டது. பேனா மூடியைப் பல்லால் கழற்றினான். இடுப்புப் பட்டியை உள்புறம் திருப்பினான்.

நாற்பத்தேழு என்று எழுதியிருந்தது.

தன் கண்ணை நம்பாமல், பையிலிருந்த சின்ன மாமாவின் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். எழுத்துகள் எழும்பி வந்தன. ஒரு நாற்பத்தேழு அல்ல. அடியில் வெளுத்துப்போன ஒன்று. அதன்மேல் கொஞ்சம் கறுப்பாக ஒன்று. அதற்கும் மேலே இன்னொன்று. ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் ஒருமுறை எழுதியதுபோல. அடியிலிருந்தது நேராக நின்றது. மேலே வர வரக் கோடுகள் ஆடின. எல்லா ஏழின் வயிற்றிலும் ஒரு குறுக்குக் கோடு.

கட்டிலோர மேசையில் மாத்திரைப் பெட்டிகள் இருந்தன. காலை 7, இரவு 7 என்று மாமனாரே எழுதி வைத்திருந்தார். வயிற்றில் கோடு போட்ட ஏழு. அவர் நிலையத்தில் சேர்ந்து பத்தாவது வருடம், பதிவேட்டில் அவர் எழுதிய 7-ஐ யாரோ 1 என்று படித்து, ஏழு மணித் தண்ணீரை ஒரு மணிக்கே திறந்துவிட்டு, ஒரு பேட்டை முழுவதும் தூக்கத்திலேயே நனைந்தது என்பார்கள். அதற்குப் பிறகு அவர் கோடில்லாமல் 7 எழுதியதே இல்லை.

மாப்பிள்ளை திரும்பி மாமனாரைப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஏழு வருடமாக எப்படி மூடிக்கொண்டிருந்தாரோ அப்படி.

கதவு தட்டப்பட்டது. "மாப்ள, எதுக்குத் தாப்பாள் போட்டிருக்க?"

பேனாவை மூடினான். கதவைத் திறந்து கண்ணாடியை நீட்டினான். "கட்டிலுக்கு அடியில கிடந்துது மாமா."

சின்ன மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேன்ட்டை வாங்கி, ஜன்னலுக்குக் கொண்டுபோய், பட்டியைத் திருப்பிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். மேசைமேலிருந்த மாத்திரைப் பெட்டிகளைப் பார்த்தார். திரும்பவும் பட்டியைப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஸ்டோர்காரர்..." என்று சின்ன மாமா தொடங்கினார். நிறுத்திக்கொண்டார். "கண்ணாடி நல்லாத்தான் செஞ்சிருக்க மாப்ள."

"சரியாத் தெரியுதா மாமா?"

"தெரியுது." மூக்கை உறிஞ்சினார். "நாப்பத்தேழுதான். வா, அந்தப் பக்கம் பிடி."

இருவருமாகப் போட்டுவிட்டார்கள். கால்கள் எளிதாகப் போயின. இடுப்புவரை ஏற்றிப் பொத்தானைப் போட்டதும் சின்ன மாமாவின் கை அப்படியே நின்றது. பட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கையையே விடலாம் போலிருந்தது. இந்த இரண்டு மாத நோயில் கரைந்ததுபோக மாமனாரிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான். விட்டால் தோளோடு தூக்கும்போது நழுவி முழங்காலுக்கு வந்துவிடும்.

சின்ன மாமா கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "அம்மாடி, ரெண்டு மூணு ஊக்கு இருந்தா குடு."

"எதுக்கு சித்தப்பா?"

"என் சட்டைப் பட்டன் தெறிச்சுடுச்சு."

முன்னறையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சின்ன மாமா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஊக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அண்ணனை ஒருக்களித்துப் பிடிக்கச் சொன்னார். முதுகுப் பக்கம் துணியை இழுத்து மடித்து, ஒரு ஊக்கைக் குத்தினார். இழுத்துப் பார்த்தார். இன்னொன்றைக் குத்தினார். மூன்றாவதை எதற்கும் இருக்கட்டும் என்று உதட்டில் கவ்விக்கொண்டு, அண்ணனை மல்லாக்கப் படுக்க வைத்துச் சட்டையை நீவிவிட்டார்.

மனைவி உள்ளே வந்தாள். முதலில் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேன்ட்டை. கட்டிலோரம் மண்டியிட்டு, அப்பா செய்வது போலவே, இடுப்புப் பட்டிக்குள் மெதுவாக விரலை நுழைத்தாள்.

"ரெண்டு விரல்" என்றாள். திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா சித்தப்பா?"

சின்ன மாமா தலையை ஆட்டினார். வாயில் ஊக்கு இருந்தது.