மூன்று முறை கூப்பிட வேண்டும்

எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கோபம் வந்தால் யாரையும் அடிக்க மாட்டோம், திட்டவும் மாட்டோம். சாப்பிட மாட்டோம், அவ்வளவுதான். இதை ஒரு நல்ல குணம் என்றே நான் முப்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கோபித்துக்கொண்டவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வீட்டிலிருப்பவர்கள் சாப்பிடக் கூப்பிட வேண்டும். முதல் தடவை காது கேட்காது. இரண்டாம் தடவை 'பசிக்கல' என்று பதில் வரும். மூன்றாம் தடவை, ஏதோ போனால் போகிறது என்று எழுந்து வரலாம். மானம் போகாது, வயிறும் நிறையும். என் அப்பா அழகியமணவாளன் ஸ்ரீவில்லிபுத்தூரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் வீட்டுச் செய்தியையும் ஒரு நாள் தாமதிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர், தன் மனதில் இருப்பதை மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை. அம்மா இருந்தவரை அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

என் மனைவி ஹம்ஸா ராஜபாளையத்துக்காரி. அவள் வீட்டில் பசிக்கவில்லை என்று சொன்னால் பசிக்கவில்லை என்று அர்த்தம். கல்யாணமான மூன்றாம் மாதம் எதற்கோ முறுக்கிக்கொண்டு போய்ப் படுத்தேன். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது 'பசிக்கல' என்றேன். 'சரி' என்று சோற்றை மூடி வைத்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் தடவைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மிஷின் சத்தம்தான் வந்தது. சாயங்காலம் நானே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்தபோது, "பசிக்கலன்னீங்களே?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். சட்டத்தை விளக்கிச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. அதன்பிறகு எனக்குக் கோபம் வந்தால் வாசற்படியில் நின்று, "வாங்க, வாங்க, வாங்க. ஆச்சு மூணு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

"எங்க தாத்தாவும் இப்பிடித்தானாம். ரத்தத்துலயே இருக்கு, நான் என்ன செய்ய?" என்பேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். தினமும் நாற்பது ஐம்பது பேருக்கு ஊசி குத்துகிறேன். சர்க்கரை தெரியும், உப்பு தெரியும், கொழுப்பு தெரியும். "கோவம் எம்புட்டு இருக்குன்னு ஒருநா உங்க ரத்தத்தயும் பாத்துட்டு வாங்க" என்பாள் ஹம்ஸா.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. கோதாவைப் பத்து மாதக் குழந்தையாக முறைப்படி தத்தெடுத்தோம். துளசியடியில் கிடைத்த பிள்ளையைத் தாயாராகக் கும்பிடுகிற ஊர் இது. தத்தெடுத்த பெண்ணுக்குக் கோதா என்று பெயர் வைத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனாலும் அப்பா அன்று, "யாரு பெத்த பிள்ளையோ, என்ன கொணமோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதற்காக நான் ஒன்றரை நாள் சாப்பிடவில்லை. ஆறே மாதத்தில் அவளை சைக்கிளில் வைத்து நான்கு ரத வீதியும் சுற்றியவரும் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. தான் தத்துப் பிள்ளை என்பது அவளுக்குத் தெரியும், நாங்களே சொல்லியிருக்கிறோம். இடது கையால் எழுதுவாள். தூக்கத்தில் முனகல்போல ஏதோ ராகம் பாடுவாள். பச்சைப் பாகற்காயை உப்புத் தொட்டுத் தின்பாள். இதெல்லாம் எங்கள் வீட்டுச் சரக்கு இல்லை. எங்கோ இருக்கிற யாரோ கொடுத்துவிட்டது. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் முகம் தெரியாத அந்தத் தாய்க்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

ஆனால் ஒரு ஏக்கம் உண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் அவள் கன்னத்தைத் தடவி, "கண்ணு அப்படியே..." என்று ஆரம்பிப்பார்கள். நினைவு வந்து பாதியில் நிறுத்திவிட்டுப் பாயசம் நன்றாக இருந்ததா என்று கேட்பார்கள். இவள் அப்பனைப் போல இருக்கிறாள் என்று ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டார்களா என்று எனக்கு இருந்தது.

போன சனிக்கிழமை அவளை ராஜபாளையம் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். வெங்காயத் தோலை மெலிதாக உரித்துப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே தயாராகிவிட்டாள். விடிந்ததும் முதலாளி போன் செய்தார். சேத்தூரில் ஒரு முகாம், ஆள் இல்லை, உடனே வா என்றார். கோதா குளித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அழுவாள் என்று சொல்லாமலே கிளம்பிவிட்டேன். வாய் திறந்து சொல்லாமல் போவதும் எங்கள் வீட்டுப் பழக்கம்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். வாசலிலேயே ஹம்ஸா நின்றிருந்தாள்.

"காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. கெஞ்சிப் பாத்துட்டேன், மெரட்டிப் பாத்துட்டேன். எனக்குப் பயமா இருக்குங்க."

அப்பா கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "ஏலே ஹரி, உள்ள போய்ப் பாரு" என்றார். "உன்னயே உரிச்சு வச்ச மாதிரி இருக்குலே."

ஏழெட்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அதுவும் அப்பா வாயிலிருந்து வந்தது. செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே ஓடினேன்.

கோதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வலது முழங்கையால் கண்ணை மறைத்திருந்தாள். ஒரு காலின் குதிகால் மற்ற காலின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நான் படுக்கிற அதே இடம், அதே கை, அதே கால். சொல்லக் கூசுகிறது, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. என் மகள் என்று நெஞ்சு ஒரு கணம் விம்மியது. பிறகுதான் ஒட்டிப்போயிருந்த அந்தச் சின்ன வயிற்றைப் பார்த்தேன்.

ரத்தம் ரத்தம் என்று எத்தனை வருடம் சாக்குச் சொன்னேன். இவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. இவள் பார்த்துப் படித்திருக்கிறாள். சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தான்.

"கோதா, சாப்பிட வாம்மா."

பதில் இல்லை. அது முறைதான்.

"கோதாக்கண்ணு, வா, அப்பா கூப்பிடுதேன்."

"பசிக்கல." என் இழுவை, என் சுருதி.

"எந்திரிச்சு வாடா செல்லம்."

மூன்றாகிவிட்டது. எழுந்து வருவாள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் அசையவில்லை. எங்கள் வீட்டில் மூன்றாவது தடவைக்கு எழாதவர் கிடையாது.

இல்லை, ஒருவன் இருந்தான். பதினொரு வயதில் நான் ஒருமுறை எழவில்லை. பசி காதை அடைத்தது. ஆனாலும் நாலாவது தடவை கூப்பிடுகிறார்களா பார்ப்போம் என்று கிடந்தேன். கூடத்திலிருந்து அப்பா, "விடு, பசிச்சா வருவான்" என்றார். அம்மாவின் கால் சத்தம் அடுப்படிப் பக்கம் தேய்ந்துகொண்டே போனது. நாற்பத்தொரு வயதிலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. கோதா எதற்காகக் கிடக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

தரையில் அவள் முதுகுப் பக்கம் உட்கார்ந்தேன்.

"கோதா, சாப்பிட வாம்மா" என்றேன். குதிகால் தேய்ப்பது நின்றது.

"வாடா." அதற்குப் பிறகும் கூப்பிட்டேன். அப்புறம் எங்கள் பரம்பரையில் யாரும் சொல்லாததையும் சொன்னேன். "என் தப்புதான்மா. கூட்டிட்டுப் போறேன்னுட்டு, ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டேன். அது தப்பு."

திரும்பாமலே கேட்டாள். "எத்தன தடவ கூப்பிடுவீங்க?"

"நீ வார வரைக்கும்."

"நான் வரவே இல்லன்னா?"

குரல் நூல்போல இருந்தது. இவ்வளவு நேரம் பட்டினி கிடந்து அவள் கேட்க நினைத்தது இதைத்தான்.

"வரவே இல்லன்னாலும் கூப்பிடுவேன். நான் எண்ணவே மாட்டேன்."

பின்னால் நிலைப்படியில் யாரோ செருமினார்கள். அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். யாரையும் சாப்பிடக் கூப்பிடுவது எழுபத்தாறு வயதில் அவருக்கு வழக்கமில்லாத வேலை.

"ஏட்டி கோதா, சாப்பிட வாம்மா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்து, "நீயும் வாப்பா. நீயும் எப்பச் சாப்பிட்டியோ" என்றார்.

என்னால் உடனே எழ முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கோதா எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா கூப்பிடுதாங்கல்ல, வாங்க" என்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஹம்ஸா நான்கு தட்டு வைத்தாள். அவளும் அப்பாவும்கூட அதுவரை சாப்பிடாமல்தான் இருந்திருக்கிறார்கள். சுண்டைவற்றல் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். கோதா பேசாமல் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டாள். வாய் நிறைய வறுவலை வைத்துக்கொண்டு, என்னை முறைத்து, "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள்.

"சரி, இரு" என்று இன்னொரு கரண்டி வறுவல் வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே கோபமாக இருந்த ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல்.