மூன்றாம் மாடிக் குழந்தைக்கு ஒரு வேலை

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள், ஆறு வயது முடிந்த வாரத்திலிருந்து, யாருக்கும் உதவாத ஒவ்வொரு நாளும் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்தாள். யாருக்காவது நிஜமாகப் பயன்பட்டால்தான் இறங்கினாள். பள்ளி விடுமுறையில் அவள் உத்தரத்தை ஒட்டி மிதந்தபடி படம் வரைந்துகொண்டிருந்ததால், மூன்றாம் மாடியில் அந்தக் கோடை முழுக்க மின்விசிறி ஓடவில்லை.

பஸ் கண்டக்டரான அம்மா, எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, மடித்து வைத்த துணிகளைக் கலைத்துப்போட்டு மகளை மடிக்கச் சொன்னாள். அது வேண்டுமென்றே கலைத்தது என்று குழந்தைக்குத் தெரிந்துபோய், கூடுதலாக ஒரு சாண் ஏறியதுதான் மிச்சம். அப்பா தன் தொழில்முறைப்படி மகள் இடுப்பில் கயிறு கட்டி எதிர் எடை தொங்கவிட்டார். எடையும் சேர்ந்து மேலே போயிற்று.

"இருபது வருஷமா ஊரையே ஏத்தி இறக்கறேன், பெத்த பொண்ணை இறக்கத் தெரியல."

"பேசினது போதும், கயித்தைப் பிடிங்க," என்றாள் அம்மா.

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தது. விளையாட்டு மைதானத்துக்குக் கூரை கிடையாது. அதை நினைத்தே அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

குழந்தைக்கேற்ற சேவை எங்கே கிடைக்கும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னோம். அதில் எங்கள் கட்டடத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. அம்மா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். நூலகத்தில் பதினெட்டு வயது கேட்டார்கள். நாய்க் காப்பகத்தில் கடித்தால் யார் பொறுப்பு என்றார்கள். பூங்காவில் வாளி அவளைவிடப் பெரிதாக இருந்தது. முதியோர் இல்லத்தில் மட்டும் வரவேற்றுப் பாடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். படம் நன்றாக வந்தது, குழந்தை இறங்கவில்லை.

கடைசியாக, வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு நன்கொடைப் பொருட்கள் பிரிக்கும் கிடங்கு. மேற்பார்வைக்காரி தலை நிமிராமல், "பதினெட்டு ஆகணும்மா," என்றாள்.

"எல்லாரும் அதான் சொல்றாங்கக்கா. அலைஞ்சு அலைஞ்சு எனக்குக் காலே இல்ல. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

அப்போதுதான் மேற்பார்வைக்காரி மேலே பார்த்தாள். பார்த்தது குழந்தையின் கையை.

"பாப்பா, அந்தக் கையைக் காட்டு. மூணு மூட்டை குழந்தைங்க ஷூ கிடக்கு. நுனியில என்ன கிடக்குதுன்னு பார்க்க எங்க யார் கையும் உள்ள போகல. அப்படியே அனுப்பினா அதுங்க காலைக் குத்தும்."

முதல் ஷூவில் கூழாங்கல். இரண்டாவதில் செத்த கரப்பான். மூன்றாவதில் கண்ணாடித் துண்டு. அதை இரண்டு விரலால் எடுத்து, "இது குத்தியிருக்கும்," என்றாள் குழந்தை. பதினோராவது ஷூவில் அவள் கால் தரையைத் தொட்டது. அதைப் பார்த்துவிட்டு அம்மா கயிற்றை விட்டாள். துணி மூட்டைமேல் சாய்ந்தவளை மாலை வரை யாரும் எழுப்பவில்லை.

மூன்று வருடம் ஆகிறது. சின்ன அளவு ஷூக்களில் இப்போது அவள் கை போவதில்லை, அதற்கு ஐந்து வயதில், இவளைப் போலவே மிதக்கிற வேறொருத்தி வருகிறாள். இவள் ஷூக்களுக்குக் கயிறு கோக்கிறாள். மூட்டை வராத சனிக்கிழமைகளில் மேற்பார்வைக்காரி இருவரையும் எடைமேடையின் காலில் கட்டிவைக்கிறாள். உள்ளே வருகிறவர்கள் குனிந்து, கயிறுகளை விலக்கிக்கொண்டு போகிறார்கள்.