ஏரம்புவின்ரை வண்டி

சும்மா சொல்லக்கூடாது, சைக்கிள் கடைப் பஞ்சலிங்கம் வேலையில் புலிதான். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துக்கும் இல்லாத காலம். சண்டிலிப்பாயில் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவளும் சைக்கிளில்தான் போகவேண்டும். அதனால் சைக்கிளுக்குப் பின்னால் பூட்டி இழுக்க அவன் ஒரு வண்டி செய்தான். ஆறடி நீளம், மெத்தை, மேலே வெள்ளைச் சீலை. பார்த்தவர்கள் எல்லாம் மூக்கில் விரலை வைத்தார்கள். ஒருத்தியாவது ஏறவேண்டுமே!

எதிர்க்கடை ஏரம்புவும் ஒன்று செய்தான். சாய்ந்து உட்காரும் பழைய கதிரைக்கு இரண்டு சில்லு, சுற்றிவரப் பழஞ்சேலை. கோழிக்கூடு அதைவிட வடிவாக இருக்கும். ஆனால் நாலு மாதத்தில் ஒன்பது பெண்கள் அதில் போய்ப் பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். பஞ்சலிங்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ஒரு நட்டு நேராய்ப் பூட்டத் தெரியாதவன்! மருத்துவிச்சி குணலட்சுமி மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாய்ப் பெண்டுகளோடை கதைச்சுத் திரிஞ்சவன்!" என்று மனைவி கமலாவதியிடம் பொருமினான். நிறைமாதக்காரி அவள். என்ரை மனுசி ஏறட்டும், பிறகு பார் என்று கறுவிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு அவளுக்குப் பேற்று நோக் கண்டது. வண்டியைத் துடைத்து முற்றத்தில் கொண்டுவந்து விட்டான்.

"உதிலை நான் ஏறமாட்டன்."

"விசரே உனக்கு? மெத்தை போட்டுக் கிடக்கு!"

"காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வாசற் படலை தாண்ட நானென்ன பிணமே? உது பாடையப்பா!"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் நோ அவளை மறுபடி வளைத்தது. ரோட்டைக் கடந்து போய், தலையைக் குனிந்துகொண்டு ஏரம்புவிடம் கேட்டான். பாவி, ஒரு நக்கல் கதை சொல்லியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். "கொண்டு போங்கோ அண்ணை, கெதியாய்!" என்று தானே வண்டியைப் பூட்டிவிட்டான்.

கமலாவதி ஏறி இருந்ததும், பார்க்காமலே இடப்பக்கம் கையைப் போட்டு ஒரு பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"உதிலை பிடி இருக்கெண்டு உனக்கெப்பிடித் தெரியும்?"

"நான் சொல்லித்தான் வைச்சவர். மூத்தவளைப் பெறப் போகேக்கை பிடிக்க ஒண்டுமில்லாமல் பட்ட பாட்டைச் சொன்னனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"அவர் கேட்டவர். நீங்கள் எங்கை கேட்டனியள்?"

பஞ்சலிங்கம் மிதித்தான். "ஏரம்புவின்ரை வண்டி வருது, விலகுங்கோ!" என்று சந்தியில் யாரோ கத்தினார்கள். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் திரும்பிப் பார்த்து, கலியாணம் கட்டி ஆறு வருசத்தில் முதல் தடவையாகக் கேட்டான்.

"என்னப்பா, மெதுவாய் விடட்டோ, கெதியாய் விடட்டோ?"

"கெதியாய்!" என்று கத்தினாள் கமலாவதி.