சிவப்பு பல்பு இருந்த பக்கம்

என் பேரன் நிதின் எந்த நேரமும் வலது பக்கமே பார்ப்பான். அந்தச் சுவரில்தான் என் வீட்டுக்காரர் காசிநாதனின் படம் மாட்டியிருந்தது. மாலை போட்டு, கீழே ஒரு சிவப்பு பல்பு. பேரன் முகத்தைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், அவன் பிறக்க இருபது நாள் இருக்கும்போது போய்விட்டார். படாளத்து வீட்டைப் பூட்டிவிட்டு, படத்தையும் பல்பையும் எடுத்துக்கொண்டு படூரில் மகனுடைய பிளாட்டுக்கு வந்தேன். வருஷத் திவசம் முடிகிறவரை அந்த விளக்கு அணையக் கூடாது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளைக்குத் தாத்தாவை அடையாளம் தெரிகிறது என்று போன் போட்டு ஊரெல்லாம் சொன்னேன்.

மருமகள் ஸ்வாதிதான் கண்டுபிடித்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அவள் கை நின்றுவிட்டது.

"அத்த, இங்க தொட்டுப் பாருங்களேன்."

வலது பக்கப் பின்மண்டை பலகை மாதிரி தட்டையாக இருந்தது. உச்சியிலிருந்து பார்த்தால் வலது காது கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது.

இரண்டரை மாதத்து ஊசிக்குப் போனபோது டாக்டர் தேவசகாயம் தலையைத் தடவிப் பார்த்தார். "ஒரே பக்கமா படுத்தா இப்படித்தான் ஆகும். மல்லாக்கத்தான் தூங்க வைக்கணும். ஆனா தொட்டில்ல தல வைக்கிற பக்கத்த மாத்திப் போடுங்க. முழிச்சிருக்கறப்ப பக்கத்துல உக்காந்து குப்புறப் போடுங்க. ரெண்டு வாரத்துல அந்தாண்ட, எடது பக்கம், திரும்பலன்னா உடனே வரணும். கழுத்தப் பாக்கணும்."

தலையை மாற்றிப் போட்டால் வடக்கு. பச்சைப் பிள்ளையை வடக்கே தலை வைத்துப் படுக்க வைப்பார்களா? ஸ்வாதி ஒரு காலேஜில் தற்காலிக வேலையில் இருந்தாள், லீவெல்லாம் நீட்ட முடியவில்லை. காலையில் வடக்கே தலை வைத்துப் படுக்கப் போட்டுவிட்டுக் கிளம்புவாள். லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டதும் நான் தெற்கே மாற்றிவிடுவேன். குப்புறப் போட்டால் அழுதான், அதையும் விட்டுவிட்டேன். ராத்திரியில் அவள் பிள்ளைக்கு வலப்பக்கம்தான் படுப்பாள், பிள்ளை அவளைப் பார்த்தபடியே தூங்கிவிடுவான். அவன் இடப்பக்கம் திரும்புவதே இல்லை என்பது அவளுக்கும் தெரியவில்லை.

"திரும்பறானா அத்த?" என்று தினமும் கேட்பாள்.

"ஜோராத் திரும்புறாம்மா" என்பேன்.

ஐந்து வாரம் இப்படியே போனது.

பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் பூங்கொடி ஒருநாள் துண்டை உதறிக்கொண்டே நின்றுவிட்டாள்.

"இன்னா பெரிம்மா, அந்தாண்டயே பாத்துகினு கீது? தாத்தா கூப்புட்றாரா?"

"பாசம்டீ."

"இன்னா பாசமோ போ. எங்க வூட்டாண்ட ஒரு கொய்ந்த இப்டிதான் போட்டாவப் பாத்து சிரிச்சிகினே இருந்துச்சு."

"அப்புறம்?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பேரனைப் பார்க்காமல் போகமாட்டேன் என்றவர் என் வீட்டுக்காரர். அவர் கேட்டதை வாங்காமல் விடுகிற ஆள் இல்லை. பல்பை அணைத்தேன். அணைக்கக் கூடாதுதான். படத்தைக் கழற்றி அடுக்களைப் பரணில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

நிதின் வெறும் ஆணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யோவ், வுட்டுடு. அது கொய்ந்த" என்றேன் சுவரைப் பார்த்து. எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. வடக்காவது ஒன்றாவது என்று பிள்ளையைத் தூக்கி மறுபக்கம் தலை வைத்துப் போட்டேன். இப்போது ஆணி இருந்த சுவர் அவனுக்கு இடப்பக்கம்.

அவன் மெல்ல வலப்பக்கம் திரும்பினான். அங்கே ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர். அதைப் பார்த்தும் சிரித்தான்.

இவரும் இந்தப் பக்கம் வந்துவிட்டாரா? பிள்ளையின் கன்னத்தில் கை வைத்து என் பக்கம் திருப்பப் பார்த்தேன். தலை பாதியில் நின்றது, சங்கிலி போட்ட கதவு மாதிரி. வீலென்று கத்தினான். கையை எடுத்துவிட்டுக் காதுக்குக் கீழே மெதுவாகத் தடவினேன். கழுத்தின் இடப்பக்கம் ஒரு நரம்பு முறுக்கிய கயிறு போல இறுகிக் கிடந்தது.

யாரும் கூப்பிடவில்லை. பிள்ளையால் திரும்ப முடியவில்லை.

ஸ்வாதிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், லிஃப்ட் சத்தம்வரை.

"தெனமும் கேட்டேனே அத்த" என்றாள்.

அன்று சாயந்திரமே டாக்டர் பார்த்தார். "கழுத்துத் தசை இறுகியிருக்கு. தெனமும் பயிற்சி குடுக்கணும், எப்படின்னு சொல்லித் தருவாங்க. நீங்களா திருப்பாதீங்க. கழுத்து சரியாயிடும்னு நெனைக்கிறேன். தல எவ்ளோ உருண்டு வரும்னு இப்ப சொல்ல முடியாது. அப்பவே வந்திருக்கலாம்." ஸ்வாதி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. தொட்டிலில் பிள்ளையை வடக்கே தலை வைத்து அவளே போட்டாள். இடப்பக்கம் அவன் பார்க்கிற மாதிரி ஏதாவது வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள்.

பரணிலிருந்து படத்தை இறக்கித் துடைத்தேன். அதே ஆணியில் மாட்டினேன். இப்போது அது அவனுக்கு இடப்பக்கம்.

"வேணாம் அத்த" என்றாள் ஸ்வாதி.

"இருக்கட்டும்மா." பல்பைப் போட்டேன். "ம், இப்பக் கூப்புடுய்யா."

நிதினின் கண் மட்டும் மெல்ல நகர்ந்து, கடைக்கோடிவரை வந்து, அந்தச் சிவப்பைத் தேடியது. தலை அசையவில்லை.