யாரும் கேட்டிராத பாட்டு

அமெரிக்காவில் பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்லில் தடுக்கி விழுந்தால் பாட்டெழுதுகிறவர் மேல்தான் விழ வேண்டும். அந்தக் கூட்டத்திலும் ரேனெல் ஸ்டோவாலுக்கு ஒரு படி மேலான இடம் இருந்தது. ‘மழைக்கு முன்னால் வந்துவிடு’ என்று அவள் எழுதிய பாட்டு போன வருஷம் முழுக்க ரேடியோவை விட்டு இறங்கவில்லை. அதன் பல்லவி எப்படி வந்தது என்று யார் கேட்டாலும், பாத்திரம் கழுவும்போது தானாக வந்தது என்பாள். அதை அவள் நம்பவும் செய்தாள்.

அந்தப் பல்லவி என்னுடையது என்று பக்கத்து மாகாணமான கென்டக்கியிலிருந்து ஒருவர் வழக்குப் போட்டார். வெர்லன் டக்கெட், பள்ளிக்கூட பஸ் மெக்கானிக். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதிய பாட்டை எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை, எந்த ரேடியோவும் போடவில்லை. இந்த மாதிரி வழக்கில் மெட்டு ஒத்துப்போனால் மட்டும் போதாது. அவள் அதைக் கேட்டிருக்க வழி இருந்தது என்றும் காட்ட வேண்டும். உலகத்தில் ஒருத்தரும் கேட்டிராத பாட்டை ரேனெல் எங்கே போய்க் கேட்டிருப்பாள்? அவளுக்கு இது தமாஷாக இருந்தது. ரேடியோ பேட்டி ஒன்றில் சொல்லவும் செய்தாள்.

“அவர் அங்கே பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டுப் பாடினாராம். நான் இங்கேயிருந்து காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேனாம்.”

பேட்டி எடுத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தத் துண்டு ஃபோன் ஃபோனாகப் பரவியது.

மார்ச் மாதம் வாக்குமூலம் எடுக்க நாள் குறித்தார்கள். இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஒரு நீள மேஜையில் உட்கார்ந்து, சத்தியம் வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்பார்கள். சொல்வதையெல்லாம் ஓரத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டே இருப்பாள். வெர்லனும் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ் நகக்கண்ணில். ரேனெல் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, “வணக்கம் மேடம்” என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெர்லனின் வக்கீல் பிரிஜெஸ் முதலில் அந்தப் பாட்டை அவள் கேட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அந்த நிமிஷம் வரை அவளுக்கு அது உண்மைதான்.

பிறகு, இதுவரை அவள் கேட்க மெனக்கெடாத அந்தப் பாட்டைப் போட்டார்கள். கிட்டார் நாலு சுற்று வந்தது. ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். மேல் ஸ்தாயிக்கு ஏறும்முன் சின்னதாக ஒரு மூச்சு வாங்கினாள், திக்குகிற மாதிரி. அந்த மூச்சை விரட்ட ரேனெல் இரண்டு வருஷம் வாத்தியாரிடம் போயிருக்கிறாள்.

பாடியது அவள்தான்.

நாஷ்வில்லுக்கு வந்த புதிதில் டெமோ, அதாவது கம்பெனிகளுக்குப் போட்டுக் காட்டும் மாதிரிப் பாட்டு, பாடித்தான் வயிறு வளர்த்தாள். பாட வராதவர்கள் தபாலில் பாட்டை அனுப்புவார்கள். கூலிக்குப் பாடுகிறவள் ஸ்டுடியோவில் அதைப் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டு பாடி முடிக்க வேண்டும். ஒரு காலைக்கு ஐந்து பாட்டு. இசைத்தட்டில் பாடியவள் பெயரைப் போட மாட்டார்கள். அடுத்த பாட்டுக்கு இடம் வேண்டுமென்றால் முந்தினதை மறந்தே ஆக வேண்டும், மறக்கத் தெரிந்தவள்தான் கெட்டிக்காரி. ரேனெல் படு கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள். ஆயிரம் பாட்டாவது பாடியிருப்பாள். ஒன்று மட்டும் வெளியே போகாமல் உள்ளேயே தங்கி, பதினாறு வருஷம் கழித்துப் பாத்திரம் கழுவும்போது தலை காட்டியிருக்கிறது.

“உங்களுக்கு இந்த ஊர்ப் பாடகிங்க எல்லாரையும் தெரியும்” என்றார் பிரிஜெஸ். “அந்த ஸ்டுடியோவை மூடிட்டாங்க, யார் பாடினாங்கன்னு ரெக்கார்டு எதுவும் இல்ல. இது யார் குரல்னு தெரியுதா?”

“தெரியல.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தட்டச்சுப் பெண்ணின் விரல் இரண்டு தரம் தட்டி நின்றது.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். ரேனெலின் வக்கீல் மிஸ் கிளேர் அவள் தோளைத் தட்டினாள். “இன்னும் ஒரு மணி நேரம், கண்ணு. பாடினவளை அவங்களால கண்டுபிடிக்கவே முடியாது. கேஸ் முடிஞ்ச மாதிரிதான்.” சொல்லிவிட்டு ஃபோனோடு மாடிக்குப் போனாள்.

காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் வெர்லன் நின்றிருந்தார். ரேனெல் திரும்பிப் போகப் பார்த்தாள். அதற்குள் அவர் ஒரு கப்பில் பிடித்து அவளிடம் நீட்டினார்.

“வக்கீல் உங்ககிட்ட பேசக் கூடாதுன்னிருக்கார்” என்றார். “கேஸைப் பத்திப் பேசல மேடம். ஒரு உதவி.”

“சொல்லுங்க.”

“அந்தப் பொண்ணை எங்கயாவது பார்த்தீங்கன்னா, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க. பாட்டு பாடிட்டு மறுநாள் எனக்கு ஃபோன் பண்ணினா. தாள்ல என் நம்பர் இருந்துச்சு. ‘சார், ரெண்டாவது சரணத்துல ஒரு வார்த்தையை மாத்திப் பாடிட்டேன், மனசு கேக்கல, காசு வேணாம், திரும்பப் பாடித் தரேன்’னா. இருக்கட்டும்மா, நீ மாத்தின வார்த்தைதான் நல்லா இருக்குன்னேன். பேரைக் கேக்காம விட்டுட்டேன் பாருங்க, மடையன்.”

ரேனெலுக்கு அந்த ஃபோன் ஞாபகமில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. தான் செய்த ஒரு நல்ல காரியத்தையும் பாட்டோடு சேர்த்து வெளியே தள்ளியிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

“உங்க பேட்டியை எங்க சர்ச்சுல போட்டுக் கேட்டாங்க” என்றார் வெர்லன். குரலில் கோபம் இல்லை. “பஸ்ஸுக்கு அடியில... நல்லா சிரிச்சாங்க. என் மச்சானே இப்ப என்னைப் பார்த்தா காதைத் தீட்டிக் காட்டுறான். நான் பொய் சொல்லலன்னு சொல்றதுக்கு உலகத்துல அந்தப் பொண்ணு ஒருத்திதான் மேடம் இருக்கா. அவ வந்தா சொல்லுவா. அப்படிப்பட்ட பொண்ணு அவ.”

ரேனெல் காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். இப்போதே சொல்லிவிடலாம், இங்கேயே, யாரும் இல்லாத இடத்தில். “பார்த்தா சொல்றேன்” என்றாள். வெர்லன் நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மறுபடி எல்லாரும் உட்கார்ந்ததும் பிரிஜெஸ் காகிதத்தைப் புரட்டினார். அவர் கேட்பதற்கு முன்னால் ரேனெல் பேசினாள்.

“காலையில சொன்னதுல ஒண்ணை மாத்தணும்.”

மிஸ் கிளேர் மேஜைக்கடியில் அவள் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். “அஞ்சு நிமிஷம் வெளிய போய்ப் பேசிட்டு வர்றோம்” என்றாள் எல்லாருக்கும் பொதுவாக.

“வேணாம் மிஸ் கிளேர். வெளிய போனா நான் திரும்ப வர மாட்டேன்.” ரேனெல் தட்டச்சுப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள், வேறு யாரையும் பார்க்க முடியவில்லை. “பாடினது யாருன்னு கேட்டாங்க. நான்தான் பாடினேன். அப்ப என் பேரு ரேனெல் பைக். பல்லவி அவரோடதுதான். எனக்குத் தானா வந்ததுன்னு நெனச்சேன், வரல.”

பிரிஜெஸ் பேனாவைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. மிஸ் கிளேர் முழங்காலிலிருந்து கையை எடுத்து, தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

வெர்லன் சந்தோஷப்படுவார், குறைந்தது ஒரு பெருமூச்சாவது விடுவார் என்று ரேனெல் எதிர்பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்பது அவர் வேலையில்லை. ஆனாலும் கேட்டார்.

“பாட்டைப் போட்டதுமே தெரிஞ்சுடுச்சா?”

“முதல் வரியிலயே.”

“அப்ப, நான் காப்பி குடுத்தப்ப?”

“தெரிஞ்சுதான் கேட்டுட்டு நின்னேன்.”

பிரிஜெஸ் அவர் கையைத் தொட்டு, போதும் என்று சைகை செய்தார். வெர்லன் மெதுவாக அந்தக் கையை விலக்கினார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. வீட்டில் ஒருத்தர் தவறிவிட்டதாகச் செய்தி வந்தவர் மாதிரி இருந்தார்.

“பதினெட்டு வருஷமா அந்தப் பொண்ணை ரொம்ப நல்லவளா நெனச்சுக்கிட்டு இருந்தேன் மேடம்” என்றார்.

தட்டச்சுப் பெண் அவர் சொன்னதையும் அடித்து முடித்துவிட்டு, அடுத்து யார் பேசப் போகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தாள்.