வெள்ளிக்கிழமை வரைக்கும் மழை

கார் ஒரு சுற்றுச் சுற்றி நடுத்தடுப்பில் மோதி நின்றதும் அமுதவள்ளிக்கு முதலில் கேட்டது கூரையில் அறையும் மழையின் சத்தம்தான். அதற்குப் பிறகுதான் பக்கத்திலிருந்து தம்புசாமியின் முனகல் கேட்டது. அவர் உட்கார்ந்திருந்த பக்கம் முழுவதும் உள்ளே மடிந்திருந்தது. டேஷ்போர்டு இறங்கி வலது காலை முழங்காலுக்குக் கீழே பிடித்து வைத்திருந்தது.

"ஏங்க, கால எடுக்க முடியுதா?"

"முடியல வள்ளி. எதுவும் தெரியல."

வெள்ளிக்கிழமை வரைக்கும் சிலாங்கூரில் கனமழை, ஆரஞ்சு எச்சரிக்கை என்று வானொலியில் ஞாயிறன்றே சொல்லிவிட்டார்கள். தீபாவளி முடிந்தால் வழக்கமாக வரும் மழைதான். அதைக் கேட்டுத்தான் தம்புசாமி, "இந்த வாரம் மோட்டார் சைக்கிள்ல போகாத. நானே கொண்டுபோய் விட்டு ஏத்திட்டு வரேன்," என்றார். தெலுக் பங்லிமா காராங்கில் அவள் வேலை பார்க்கும் பிஸ்கட் ஃபேக்டரி வாசலுக்கு இரண்டு நாளும் சொன்னபடி வந்து நின்றார். இன்று புதன்கிழமை. கிள்ளான் திரும்பும் நெடுஞ்சாலையில் தேங்கிக் கிடந்த தண்ணீர் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிட்டது.

அவள் தன் பக்கத்துக் கதவை உதைத்துத் திறந்து வெளியே வந்து அவசர எண் 999-க்கு அழைத்தாள். வழியெல்லாம் வெள்ளம், ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். போன் பேசி முடிக்குமுன் மஞ்சள் விளக்கு சுழல ஓர் இழுவை லோரி பின்னால் வந்து நின்றது. சிவப்பு மழைக்கோட்டு போட்டிருந்த இளைஞன் குதித்து ஓடிவந்தான். உதவிக்கு ஆள் வந்துவிட்டது என்று அவள் கையை வீசிக்கொண்டு எதிரே ஓடினாள். அவன் அவளைத் தாண்டிப் போய், குனிந்து, காரின் பின்பக்கத்தில் கொக்கியை மாட்டினான்.

"தம்பி, உள்ள என் வீட்டுக்காரர் இருக்காரு. கால் மாட்டிக்கிச்சு."

"தெரியுது ஆன்டி. மொதல்ல கொக்கி போட்டாத்தான் இந்தக் காடிய இழுக்கற கூலி எனக்கு. இழுக்க மாட்டேன், பயப்படாதீங்க."

அவன் நிமிர்வதற்குள் இன்னொரு லோரி சாலையில் எதிர்த்திசையிலேயே வந்து காரின் முன்னால் குறுக்கே நின்றது. அதிலிருந்து இறங்கியவன் கனத்த ஆள். தோளில் சங்கிலி கிடந்தது.

"யுகேந்திரா, கழட்டு. இது என் ஏரியா."

"மொதல்ல வந்தது நான் லா, ரமணி."

"மூணு நாளா இந்த மழைய நம்பித்தான் இங்கயே கெடக்கறேன். கழட்டுடா."

ரமணி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தோளிலிருந்த சங்கிலியைச் சுழற்றி யுகேந்திரனின் முகத்தில் அடித்தான். பல்லில் இரும்பு பட்ட சத்தம் மழையை மீறிக் கேட்டது. இளைஞன் தண்ணீரில் குப்புற விழுந்தான், எழுந்தான், தலையால் ரமணியின் வயிற்றில் மோதினான். இருவரும் தடுப்புச்சுவர் ஓரத்தில் உருண்டார்கள். ரமணி மேலே ஏறி உட்கார்ந்து, அவன் தலைமுடியைப் பிடித்துத் தரையில் இடித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. சுற்றி வந்த தண்ணீர் சிவந்து உடனே கலைந்தது. தூரத்தில் மெதுவாக ஊர்ந்த கார்களில் கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின.

யுகேந்திரன் எழவில்லை. ரமணி தன் கொக்கியைக் காரின் முன்பக்கத்தில் மாட்டி, லோரியின் பக்கவாட்டிலிருந்த இழுவை இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்தான். கம்பிவடம் விறைத்தது. பின்னால் யுகேந்திரன் மாட்டியிருந்த கொக்கி காரை விடவில்லை. நடுவில் தகரம் நெரிந்தது.

தம்புசாமி அலறினார். முப்பது வருஷத்தில் அந்தக் குரலை அவரிடமிருந்து அவள் கேட்டதில்லை.

"நிறுத்து. உள்ள ஆள் இருக்கு, நிறுத்து."

ரமணி ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தான். கை கைப்பிடியிலேயே இருந்தது.

யுகேந்திரனின் லோரிப் படியில் ஒரு நீண்ட இரும்புக் கம்பி கிடந்தது. அதை எடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அதன் குளிர்ச்சியும், கனமும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததும் நினைவிருக்கிறது. முதல் அடி தோளில் விழுந்தது. அவன் திரும்பியபோது இரண்டாவது அடி காதுக்கு மேலே. அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். அப்போதும் அவள் மூன்றாவதாக ஓங்கினாள். பின்னாலிருந்து யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். வாயெல்லாம் ரத்தமாக யுகேந்திரன்.

"போதும் ஆன்டி. செத்துருவான்."

அவன் தடுமாறிப் போய்க் கைப்பிடியைத் தள்ளினான். கம்பிவடம் தளர்ந்தது. உள்ளே அலறல் விம்மலாக இறங்கியது.

தீயணைப்புப் படையினர் வந்து கதவை அறுத்துத் தம்புசாமியை வெளியே எடுத்தபோது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வந்திருந்தது ஒரே ஆம்புலன்ஸ். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால், நடக்க முடிந்த யுகேந்திரனை விட்டுவிட்டு ரமணியையும் அதிலேயே ஏற்றினார்கள்.

"இவருக்கு எப்படித் தலையில அடிபட்டுச்சு?" என்று கேட்டாள் ஆம்புலன்ஸில் இருந்த தமிழ்ப் பெண்.

"நான்தான் அடிச்சேன்."

அந்தப் பெண் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு துணிப்பொதியை அவள் கையில் திணித்தாள். "அத அப்புறம் போலீஸ்கிட்ட சொல்லுங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. இத இவர் தலையில அழுத்திப் பிடிங்க, விடாதீங்க." சொல்லிவிட்டுத் தம்புசாமியின் காலை நோக்கிக் குனிந்தாள். "அங்கிளுக்கு நாடி இருக்கு. கால பத்தி இப்பச் சொல்ல முடியாது."

அமுதவள்ளி இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். இடது கை கணவரின் விரல்களைப் பற்றியிருந்தது. வலது கை ரமணியின் தலையில். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. முன்னால் சாலை முழுக்கப் பழுப்புத் தண்ணீர். சைரன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ரமணி கண்ணைத் திறந்தான். "ஆன்டி, உள்ள ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"நான் கத்தினேன்."

"மழையில கேக்கல."

அவன் திரும்பிப் பார்த்த அந்த முகம் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. மழை அதை மறைத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் தம்புசாமி நினைவு தப்பிய நிலையில் ஏதோ முணுமுணுத்தார். அவர் விரல்கள் அவள் விரல்களை இறுக்கின.

வலது கை எப்போது தளர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. துணியை நனைத்துக்கொண்டு ரத்தம் வெதுவெதுப்பாக விரலிடுக்கில் ஏறி, மணிக்கட்டு வரை வந்து, ஃபேக்டரிச் சட்டையின் வெள்ளைக் கைப்பட்டியில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் பெண் இன்னும் நிமிரவில்லை. அமுதவள்ளி மறுபடி அழுத்தாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.